பார்ட்-டாக்கி: 'அரைப்பேசும்படம்' பொருந்தவில்லை

வணக்கம்.

நம் திரைக் கலைச்சொல் பட்டியலில் பார்ட்-டாக்கிக்கு (part-talkie, சில காட்சிகளில் மட்டும் பேச்சு வரும் படம்) 'அரைப்பேசும்படம்' என்று இட்டிருக்கிறோம். மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. 'தி ஜாஸ் சிங்கர்' (1927) படத்தையே பாருங்கள். நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடில் குடியேறிய யூதக் குடும்பம். அப்பா தொழுகைக்கூடத்துப் பாடகர், மகனுக்கோ ஜாஸ் மேல் பித்து. 89 நிமிடப் படத்தில் உதட்டசைவோடு ஒத்த பேச்சு 2 நிமிடம்தான் தேறும். இதில் 'அரை' எங்கே?

மகன் பியானோ முன் உட்கார்ந்து அம்மாவுக்குப் பாடிக் காட்டுகிறான், நடுவில் மூச்சுவிடாமல் பேசுகிறான். அப்பா உள்ளே வந்து "நிறுத்து!" என்கிறார். அதோடு பேச்சு அறுந்துபோய், வசனத்தை எழுத்தில் காட்டும் வசன அட்டைகள் திரும்புகின்றன. அந்தக் காட்சியின் வலுவே அதில்தான். என் பரிந்துரை: இடைபேசும்படம்.

> ஒற்று மிக வேண்டாமா? 'பேச்சு கலந்த ஊமைப்படம்' என்றாலே விளங்குமே.

தொலைபேசி, அலைபேசி வழியில் மிகாமலே எழுதலாம் ஐயா. 'ஊமை' கூடவே கூடாது. பேச்சில்லாத இடங்களிலும் பதிவான இசை ஓடிக்கொண்டே இருந்தது. அது வைட்டாஃபோன் முறை, அதாவது ஒலியைத் தனி இசைத்தட்டில் பதிந்து படச்சுருளோடு சேர்த்து ஓட்டுவது: 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஊசி உள்ளிருந்து வெளியே நகரும். 1000 அடிச் சுருளுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். பாட்டுகளைத் தனித்தனிச் சுருளில் வைத்ததால் இந்தப் படத்துக்கு மட்டும் 15 சுருள், 15 தட்டு. எந்தச் சுருளில் பேச்சு, எதில் வெறும் இசை என்று பிரித்துக்கொள்ள முடிந்தது. இடைபேசும்படம் பிறக்க இந்த வசதியும் ஒரு காரணம்.

> அப்படியானால் இந்தத் தட்டு முறைக்கு 'தட்டொலி' என்ற சொல்லையும் பக்கத்தில் சேருங்கள். அதன் சிக்கலையும் ஒரு வரி எழுதுங்கள்.

சேர்க்கிறேன். சுருள் அறுந்து 12 சட்டகங்களை (ஃபிரேம்) வெட்டி ஒட்டினால் தட்டில் அந்த அரை நொடி அப்படியே இருக்கும். சுருள் முடியும்வரை உதடு முந்தும், குரல் பிந்தும். வெட்டிய எண்ணிக்கைக்குச் சரியாகக் கறுப்புச் சட்டகங்களை ஒட்டினால்தான் ஒத்திசைவு மீளும். இவற்றை 'ஈட்டுச் சட்டகம்' எனலாமா?

கோல்ட்ஃபிஷ் என்ற யூதக் குடும்பத்தைப் பற்றி ஃபிராங்க் காப்ரா எடுத்த 'தி யங்கர் ஜெனரேஷன்' (1929) படத்துக்கும் சொல் பொருந்துகிறது. வரையறை இப்படி:

இடைபேசும்படம் – பதிவான இசையோடு ஓடி, சில காட்சிகளில் மட்டும் உதட்டசைவோடு ஒத்த பேச்சு வரும் படம். மற்ற உரையாடல் வசன அட்டைகளில்.