சோளமாவுப் பெட்டியில் சாம்பார் சாதம்: மக்கும் பொட்டலங்களை நம்பி வாங்கலாமா?

வாணி, ஈசூன்

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் நானும் என் கணவரும் சைவ உணவுக்கடை நடத்துகிறோம். காலையில் இட்லி, தோசை. பகலில் சாதம், சாம்பார், ரசம், இரண்டு பொரியல். பக்கத்திலுள்ள ஓர் அலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் நாற்பது பேருக்குப் பகலுணவுப் பொட்டலம் எடுக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து பிளாஸ்டிக் வேண்டாம், மக்கும் பெட்டியில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள்.

மொத்த வியாபாரி ஒருவர் மாதிரிகள் கொண்டுவந்து கொடுத்தார்: சோளமாவுப் பெட்டி, கரும்புச் சக்கைப் பெட்டி, கண்ணாடிபோல் தெளிந்த கிண்ணம். எல்லாமே மண்ணில் மக்கிப் போய்விடும் என்றார். எத்தனை நாளில், எந்த மண்ணில் என்று கேட்டேன். பேச்சை விலைக்கு மாற்றிவிட்டார். அவர் போனதும் கொதிக்கும் ரசத்தைத் தெளிந்த கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தேன். அடிப்பாகம் மெல்ல உப்பியது. பிறகு கிண்ணம் ஒரு பக்கமாகச் சரிய, மூடி விளிம்பை விட்டு எழும்பிவிட்டது. சக்கைப் பெட்டி சாம்பார் சாதத்தைத் தாங்கியது, ஆனால் சற்று நேரத்தில் அடியில் வியர்த்து, மேசையில் எண்ணெய் வட்டம் படிந்தது. விலையோ இப்போது வாங்கும் பெட்டியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கூடுதல் செலவில் ஒரு பங்கை நாங்களே ஏற்கத் தயார். ஆனால் அந்தக் காசால் உண்மையிலேயே ஏதாவது நன்மை நடக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வி, தெம்பனிஸ்

பாக்குமட்டைத் தட்டு வாங்குங்கள், வாணி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த பிறகு எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அதுதான். உதிர்ந்த மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்திச் செய்வது. பசை கிடையாது, பூச்சு கிடையாது. குழம்பு ஊற்றினாலும் அசையாது.

மாணிக்கம், ஜூரோங் வெஸ்ட்

வாணி, பெரிய சமையற்கூடம் ஒன்றில் பொருள் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொட்டலப் பெட்டிக்காக வியாபாரிகளோடு மல்லுக்கட்டுவதே பாதி வேலையாக இருந்தது. அதனால் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பெட்டி எங்கே போகிறது? அலுவலகக் குப்பைத் தொட்டி, குப்பை லாரி, எரியாலை. சிங்கப்பூரில் மறுபயனீட்டுக்குப் போகாத குப்பையில் எரியக்கூடியது எல்லாம் எரிக்கப்படுகிறது. எரித்தால் கன அளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைகிறது. மிஞ்சும் சாம்பல் துவாசிலிருந்து கடல் வழியாகச் செமக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்புநிலத்துக்குப் போகிறது. 1999இல் செயல்படத் தொடங்கிய அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. இந்தப் பயணத்தில் உங்கள் பெட்டி மண்ணைத் தொடுவதே இல்லை, வாணி! மக்குவதற்கென்று கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த நெருப்போடு போகிறது. தேசியச் சுற்றுப்புற வாரியம் செய்வித்த ஆய்வும், பிளாஸ்டிக்குக்குப் பதில் வேறொன்றை ஒருமுறை பயன்படுத்தி எறிவது சுற்றுப்புறத்துக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றே முடிந்தது.

உங்களிடம் நெளிந்த கிண்ணம் பெரும்பாலும் பிஎல்ஏ என்ற தாவரப் பிளாஸ்டிக். சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைக் கோத்துச் செய்வது. 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். நீர்மோருக்கும் பழச்சாற்றுக்கும் சரி, ரசத்துக்கு ஆகாது. அது மக்குவதற்கும் கிட்டத்தட்ட அதே சூடு வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். அந்தச் சூட்டைத் தரும் பெரிய உரக்கூடங்களை மனத்தில் வைத்து எழுதியதுதான் ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரம்: 12 வாரத்தில் துண்டு துண்டாகச் சிதைய வேண்டும், ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும். உங்கள் வீட்டுப் பூந்தொட்டியில் புதைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

சோளமாவுப் பெட்டி என்று விற்பதில் பல, பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கோடு மாவுச்சத்தைக் கலந்து செய்தவை. அது உரமாகவும் ஆகாது, தனியாகப் பிரித்து உருக்கவும் வராது. இன்னொரு வகை, சாதாரண பிளாஸ்டிக்கில் உலோக உப்பைச் சேர்த்து வெயிலில் நொறுங்க வைப்பது. நொறுங்கியது பொடியாக அங்கேயே கிடக்கும், எங்கும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் அதை விற்கவே தடை போட்டுவிட்டது. வியாபாரி அந்த வகையை நீட்டினால் கையாலும் தொடாதீர்கள்.

கரும்புச் சக்கைப் பெட்டி நல்ல பொருள்தான். வடையை வைத்தால் ஆவியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் பெட்டியில்போல் வடை சீக்கிரம் நமுத்துப் போகாது. ஆனால் சக்கைக்கு இயல்பாக எண்ணெயைத் தடுக்கும் குணம் இல்லை. அதற்காகப் பல ஆலைகள் ஃபுளோரின் சேர்ந்த பிஃபாஸ் இரசாயனங்களைக் கலந்து வந்தன. அவை உடம்பிலும் தண்ணீரிலும் எளிதில் அழியாதவை. டென்மார்க் 2020இல் காகித உணவுப் பொட்டலங்களில் அவற்றைத் தடை செய்தது. எண்ணெய் துளியும் கசியாத சக்கைப் பெட்டியைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். உங்களுக்கு மேசையில் வட்டம் விழுந்ததே, அதில் எனக்குக் கவலை இல்லை. பிஃபாஸ் சேர்க்கவில்லை என்பதற்கு ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். இல்லை என்றால் வேறு வியாபாரியைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், எந்தப் பெட்டி என்று அலைவதைவிடப் பெட்டியே இல்லாமல் எத்தனைச் சாப்பாடு கொடுக்கலாம் என்று பார்ப்பேன். நாற்பது பேர், ஒரே இடம், ஒரே நேரம், அதுவும் நடக்கும் தூரம். இதைவிட வாய்ப்பான ஆர்டர் உண்டா? சாதத்தையும் பொரியலையும் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரங்களில் அனுப்புங்கள். சாம்பார், ரசம் தூக்குவாளியில். அலுவலகத்தில் தட்டும் கழுவும் தொட்டியும் இருக்கிறதா என்று கேளுங்கள். தட்டு இல்லையென்றால் தேக்கா ஈரச்சந்தையில் வாழையிலை வாங்கி, வட்டமாக வெட்டிக் கொடுங்கள். இரண்டு மணிக்கு உங்கள் கணவர் போய்ப் பாத்திரங்களை எடுத்துவரட்டும். பெட்டிக்குப் போகும் காசு மிச்சம், அதில் ஒரு பாயசம் சேர்த்துக் கொடுத்தாலும் கட்டும்.

அருண், பொங்கோல்

மாணிக்கம் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரே இடத்தில் மாறுபடுகிறேன். எல்லாம் எரிந்துதான் போகிறது என்றாலும், எரியும் கரிமம் ஒன்றல்ல. கரும்புச் சக்கையின் கரிமம் அண்மையில் காற்றிலிருந்து பயிர் எடுத்தது. பிளாஸ்டிக்கின் கரிமம் நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்தது. சக்கை, ஆலையில் எப்படியும் மிஞ்சும் கழிவு. அதனால் பெட்டி கட்டாயம் வேண்டிய இடத்தில் நான் சக்கையைத்தான் தேர்ந்தெடுப்பேன். சோளத்தைப் பெட்டிக்கென்றே பயிரிட்டால் நிலம், தண்ணீர், உரம் எல்லாம் கணக்கில் ஏறும். அந்த வாரிய ஆய்வின் எச்சரிக்கைக்கு இதுபோன்ற செலவுகளும் காரணம்.

செல்வி அக்கா, பாக்குமட்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் 2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. பாக்கு மரத்திலுள்ள அரிக்கோலின் போன்ற நச்சுப் பொருள்கள் உணவில் இறங்கலாம் என்ற கவலைதான் காரணம். சூடான புளிக்குழம்பை அதில் ஊற்ற நான் தயங்குகிறேன்.

இன்னொன்று, வாணி அக்கா. எந்தப் பெட்டி கொடுத்தாலும், சாப்பிட்ட பெட்டியை மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போட வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அந்தத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாமல் போகிறது. குழம்பு ஒட்டிய பெட்டி ஒன்று போதும், பக்கத்தில் கிடக்கும் நல்ல காகிதமும் வீணாகும்.

செல்வி, தெம்பனிஸ்

இது எனக்குப் புதிது, தம்பி. ஊரில் அக்காவிடம் பேசுகிறேன். சாதத்துக்கு மட்டும் வாழையிலை விரித்துக்கொண்டால் போகிறது.

வாணி, ஈசூன்

மாணிக்கம் அண்ணன், அருண், செல்வி, எல்லாருக்கும் நன்றி. அலுவலகத்தில் பேசிவிட்டேன். அங்கே தேநீர் அறையில் பீங்கான் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றனவாம், விருந்தினர் வரும்போது மட்டும் எடுப்பார்களாம். கழுவும் தொட்டியும் இருக்கிறது. பாத்திரத்தில் அனுப்பினால் அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம், சாதமும் வீணாகாது என்று அவர்களே மகிழ்ந்தார்கள். கணவருக்கு இரண்டு மணி நடை கொஞ்சம் யோசனையாக இருந்தது. பாயசம் என்றதும் சரி என்றுவிட்டார்.

ஐந்தாறு பேர் வெளிவேலையில் இருப்பவர்கள், அவர்களுக்குப் பொட்டலம்தான் வேண்டும். சாதத்துக்குச் சான்றிதழ் உள்ள சக்கைப் பெட்டி. ரசத்துக்கு எதில் ஊற்றுவது?

மாணிக்கம், ஜூரோங் வெஸ்ட்

ரசத்துக்குத் தடித்த பாலிபுரோப்பிலீன் கிண்ணம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். கொதிக்கும் நீரைத் தாங்கும், மூடி இறுகும். திருப்பிக் கொடுத்தால் ஐம்பது காசு குறைப்பேன் என்று சொல்லி வையுங்கள். ஐந்தாறு பேர்தானே, பெயர் தெரிந்தவர்கள், கிண்ணம் திரும்பி வரும். பழைய மணம் ஏறிவிட்டதை மட்டும் தனியே எடுத்து, ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.