பொங்கலுக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் கவனத்துக்கு: வீடு, பானை, மாடு, கொடுக்க வேண்டியவை

கும்பகோணம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வரும் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தை முதல் நாள் சில ஆண்டு ஜனவரி 14, சில ஆண்டு 15. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். போகியன்று காலையில் வந்து இறங்குவதாகத் திட்டம் போடாதீர்கள். மூன்று நாள் முன்னதாகவே வீட்டில் இருக்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டில் தண்ணீரும் கரண்டும் ஒழுங்குக்கு வரவே இரண்டு நாள் ஆகிவிடும். மூன்றாம் நாள் எதற்கு என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இந்த மடலில் முக்கியமான சேதி அதுதான்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி 9 எழும்பூரில் ஏற வேண்டுமென்றால் நவம்பர் 10 காலை 8 மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். உழவன், மன்னை, சோழன் எக்ஸ்பிரஸ் மூன்றையும் பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து வருகிறவர்களுக்குத் திருச்சியில் இறங்குவதே நல்லது. அங்கிருந்து கும்பகோணம் சுமார் 95 கிலோமீட்டர்.

வீட்டைத் திறந்ததும் எல்லோரும் நேராகப் போய் மோட்டார் சுவிட்சைத்தான் தட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மாதக்கணக்கில் ஓடாத மோனோபிளாக் மோட்டாரில் உள்ளே சீல் ஒட்டிக்கொண்டிருக்கும், இம்பெல்லர் துருவேறி இறுகியிருக்கும். கரண்ட் கொடுத்தால் உறுமுமே தவிர சுற்றாது. சில நிமிடத்தில் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும். பொங்கல் நேரத்தில் காயில் கட்டித்தர ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே முதலில் மெயினை அணையுங்கள். மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றி, விசிறியைக் கையால் இரண்டு பக்கமும் அசைத்து அசைத்து, முழுச் சுற்று தாராளமாக வரும்வரை இளக்குங்கள். பிறகு புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றி, குமிழி வருவது நின்றதும் மூடி, மெயினைப் போட்டு ஓட்டுங்கள். விசிறி கையால் நன்றாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை, ஊற்றிய தண்ணீரும் இறங்கிவிடுகிறது என்றால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை.

மாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவியபின், ஆயிரம் லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் ஒரு வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் நிறைந்த தொட்டியில் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடி, நாலைந்து மணி நேரம் விட்டு, முழுவதும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். அந்த நேரத்தில் யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினைந்து பேர் தங்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர் போதாது. காலையும் மாலையும் ஏற்ற ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். கேஸ் டியூப்பில் தேதி அச்சடித்திருக்கும். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். வைக்கோல், விறகுக் குவியலில் கம்பால் தட்டாமல் கை விட வேண்டாம்.

இனி மூன்றாம் நாள். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீடு, வாசல் தெளிக்கும் அம்மா, மழையில் கூரை ஓடுகளைப் பார்த்து மாற்றிய கொத்தனார், தென்னை ஏறுபவர், வயலைப் பார்த்துக்கொள்ளும் குத்தகைக்காரர், பெரியவர்கள் தனியாக இருந்தபோது இரவில் ஆட்டோ எடுத்து வந்த தம்பி. இவர்கள் இல்லாமல் நம் வீடு வீடாக நிற்காது. நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? காணும் பொங்கலன்று வாசலுக்கு வரச்சொல்லி ஒரு கவரைக் கையில் வைக்கிறோம். அதற்குள் அவர்கள் வீட்டுப் பொங்கல் முடிந்திருக்கும். துணியும் வெல்லமும் கடன் வாங்கியோ இல்லாமலோ ஒப்பேற்றியிருப்பார்கள். கொடுப்பதைப் போகிக்கு முதல் நாளே கொடுங்கள், அப்போதுதான் அது அவர்கள் பானைக்குப் போய்ச் சேரும்.

வேட்டி துண்டு, புடவை, இரண்டு கிலோ பச்சரிசி, இரண்டு கிலோ வெல்லம், ஒரு ஜோடிக் கரும்பு, ஒரு மஞ்சள் கொத்து, கூடப் பணம். பொருளைவிடப் பணம் கூடுதலாக இருக்கட்டும். வரச்சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தை நம் தலைமுறையோடு விட்டுவிடுவோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், காப்பி கொடுத்தால் குடியுங்கள். யார் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகள் காதுபடச் சொல்லி நன்றி சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு நாள் சொல்லிக்கொடுப்பதை வேறெதுவும் சொல்லிக்கொடுக்காது.

போகியில் பழைய பாய், கிழிந்த முறம், விளக்குமாறு போதும். டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். மார்கழிப் பனியில் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே நிற்கும். இழுப்பு உள்ள பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

பொங்கல் பானை விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுவது அளவில்தான். பானை பெரிதாகவும் தண்ணீர் குறைவாகவும் இருந்தால் எவ்வளவு எரித்தாலும் பொங்காது. பதினைந்து பேருக்கு எட்டு லிட்டர் பானை சரி. முக்கால் கிலோ பச்சரிசி, 150 கிராம் பாசிப்பருப்பு, ஒன்றேகால் கிலோ வெல்லம், கால் லிட்டர் நெய், 100 கிராம் முந்திரி, பன்னிரண்டு ஏலக்காய், கடுகளவு பச்சைக் கற்பூரம். அரிசியை இரண்டாம் முறை களைந்த கழுநீரோடு அரை லிட்டர் பாலும் தண்ணீரும் சேர்த்துக் கழுத்து வரை ஊற்றுங்கள். பாலும் கழுநீரின் மாவும் சேர்ந்துதான் நுரை கட்டும். வெறும் தண்ணீர் தளதளவென்று கொதிக்குமே தவிர, பொங்கி வழியாது. பொங்கியதும் குலவையிட்டு, இரண்டு மூன்று செம்பு நீரை மொண்டு தனியே வைத்துவிட்டு அரிசி பருப்பைப் போடுங்கள். மொண்டு வைத்ததைத் தேவைக்கு ஏற்பத் திரும்ப ஊற்றலாம். புது அரிசியாக இருந்தால் நீர் குறைவாகவே கேட்கும், எல்லாவற்றையும் ஊற்றினால் கஞ்சியாகிவிடும்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியே சேர்க்க வேண்டும், மண் இருக்கும். அரிசி விரலால் நசுக்கினால் மசியும் பதம் வருவதற்கு முன்பு வெல்லம் விழுந்தால் அதற்குமேல் வேகாது, விறைத்துப் போகும். கூடவே தீயை இழுத்துவிட்டு வெல்லப்பாகை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பால் திரியும்.

மண் பானை வாங்கினால் முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிறகு கழுநீர் ஊற்றி இளந்தீயில் ஒருமுறை காய்ச்சி வையுங்கள். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பித்தளைப் பானை என்றால் ஈயம் பூசியிருக்கிறதா என்று உள்ளே பாருங்கள். மஞ்சள் கொத்தின் இலை மேல்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். தொங்கவிட்டால் தீ பிடிக்கும். வாசலில் பொங்குகிறவர்கள் விறகை முதல் நாள் சாயங்காலமே உள்ளே எடுத்து வைக்க வேண்டும். பனியில் நனைந்த விறகு கண்ணைத்தான் எரிக்கும்.

பொங்கல் குழம்புக்கு ஏழோ ஒன்பதோ காய் போடுவது நம் பக்கத்து வழக்கம். மொச்சை முதலில், பிறகு கருணையும் சிறுகிழங்கும், அப்புறம் வாழைக்காய், அவரை, கத்தரி. சர்க்கரைவள்ளியும் பரங்கியும் கடைசி. எல்லாம் வெந்த பிறகே புளி. முன்னால் ஊற்றினால் மொச்சை கல்லாக நிற்கும். மொச்சை உரிப்பது, கிழங்கு தோல் சீவுவது, தேங்காய் துருவுவது எல்லாம் ஆண்களும் பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து முதல் நாள் இரவே செய்யக்கூடிய வேலை. அத்தையும் அண்ணியும் வாரம் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு, கூடத்தில் நாம் மட்டும் சேர்ந்து இருந்தால் அது குடும்பம் கூடியதாகாது. ஒருவேளை டிபனையாவது தினமும் வெளியில் வாங்குங்கள். கனு வைக்கும் வீடுகளில் மறுநாள் விடியலுக்கு மஞ்சள் இலையும் கலந்த சாதமும் வேண்டும். அதற்கான சாதத்தைப் பொங்கலன்றே எடுத்து வைத்துவிடலாம்.

மாட்டுப் பொங்கலுக்கு நரசிங்கம்பேட்டை நெட்டி மாலை வாங்குங்கள். வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிக் கோத்த, கையில் எடுத்தால் கனமே தெரியாத மாலை. குளத்தோரம் வளரும் நெட்டித் தண்டைச் சீவிச் செய்கிறார்கள். பிளாஸ்டிக் மாலையை மாடு மென்று விழுங்கிவிடும், அது வயிற்றில் தங்கும். கொம்புக்குக் காவி போதும், எனாமல் பெயின்ட் தேவையில்லை. முக்கியமாக, பாசத்தில் ஆளாளுக்கு ஒரு இலைப் பொங்கலை ஊட்டாதீர்கள். மாவுப்பொருள் அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடும். அசை போடுவது நின்று, வயிறு உப்பி, சாய்ந்துவிடும். ஒரு மாட்டுக்கு மொத்தமே இரண்டு கைப்பிடி, மேலுக்கு வைக்கோலும் பசும்புல்லும். அசை போடவில்லை என்று தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். அன்று நேரம் இருந்தால் தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குக் காய்கனி அலங்காரம் பார்க்கலாம்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள் என்பதால் பொங்கல் வாரத்தில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இருக்கக்கூடும். பிள்ளைகள் படித்துறையில் குளிக்கட்டும், மதகுப் பக்கம் விடாதீர்கள்.

காணும் பொங்கலன்று வயலுக்குப் போனால் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும், அல்லது நெல் களத்தில் கிடக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். பனிக்கு மூடுவதும் வெயிலுக்குத் திறப்பதுமாகக் குத்தகைக்காரர் தூக்கமில்லாமல் இருக்கும் நேரம் அது. வந்த இடத்தில் குத்தகைக் கணக்கை எடுத்துவிடாதீர்கள். நெல் போட்டுப் பணம் அவர் கணக்கில் ஏறட்டும், மாசியில் போனில் பேசிக்கொள்ளலாம். இப்போது அவரோடு வரப்பில் ஒரு சுற்று நடந்து, பயிர் எப்படி என்று கேட்டுவிட்டு வாருங்கள்.