ஸோலாவைப் பன்றியாக வரைந்த படத்தைக் கலை என்று சொல்லலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவைப் பற்றிப் பேசவிருக்கிறேன். செய்யாத தேசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட டிரேஃபஸ் என்ற யூதப் படை அதிகாரிக்காக, 1898 ஜனவரி 13 அன்று 'லோரோர்' நாளிதழில் அவர் குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் பலரும் அறிந்ததே. அவரைத் தாக்கி வந்த படங்களைத் தேடியபோது, லெனெப்வே என்ற பெயரில் வெளியான சுவரொட்டி ஒன்று கண்ணில் பட்டது. பன்றி உடலோடு தம் நாவல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஸோலா, வாளியிலுள்ள மலத்தைத் தூரிகையால் தொட்டுப் பிரான்சின் வரைபடத்தில் பூசுகிறார். தலைப்பு 'பன்றிகளின் அரசன்'. அரசியலுக்கு வரும் எழுத்தாளர் கேலிக்குத் தப்ப முடியாதுதான். ஆனால் இதையும் கலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தயக்கம் சரிதானா?

மறுமொழி 1:
சரிதான் என்பேன். பிரெஞ்சுக் கேலிச்சித்திர ஓவியர் ஹொனொரே தோமியேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மக்கள் பிரதிநிதியாக இருந்த விக்டர் ஹியூகோவை 1849இல் 'லெ ஷாரிவாரி' இதழுக்காக அவர் வரைந்தபோது, சிறிய உடலின் மேல் மலைபோன்ற நெற்றியை ஏற்றி, கைகளைக் கட்டிக்கொண்டு ஆழ்ந்து யோசிப்பவராக நிறுத்தினார். அந்த நெற்றியும் தோரணையும் ஹியூகோவிடம் உண்மையிலேயே இருந்தவை. ஓவியர் அவற்றைப் பெரிதாக்கினார், அவ்வளவே. மூன்றாம் நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1870 நவம்பரில் அதே தோமியே வரைந்த படத்தில், ஹியூகோ நாடு கடந்து வாழ்ந்தபோது அந்தப் பேரரசரைச் சாடி எழுதிய கவிதைத் தொகுப்பு, கனத்த நூலாக விழுந்து பேரரசின் கழுகை நசுக்கிக் கிடக்கிறது. எழுத்தாளரின் உருவமே அதில் இல்லை. எழுத்து மட்டுமே இருக்கிறது. நீங்கள் சொன்ன சுவரொட்டியிலோ ஸோலாவின் நூல்கள் வெறும் இருக்கையாகிவிட்டன.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஸோலா அசிங்கத்தை எழுதுகிறவர் என்ற பழி, அவருடைய நாவல்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகவே இருந்து வந்தது. இலக்கியச் சண்டையில் பிறந்த அந்த வசை, டிரேஃபஸ் விவகாரத்தில் இனவெறுப்புக்குக் கைகொடுத்தது. அந்தச் சுவரொட்டி வெளியான அதே வரிசையில் டிரேஃபஸ் பலதலைப் பாம்பாகவும், அவரை ஆதரித்த அரசியல்வாதி ஜோசஃப் ரைனாக் குரங்காகவும் வரையப்பட்டார்கள். கடிதத்தின் ஒரு வரிக்குக்கூட அப்படங்களில் மறுப்பு இல்லை. ஓவியத் திறமையை வைத்தும் இதை நியாயப்படுத்த முடியாது. டிரேஃபஸுக்கு எதிரான அதே தரப்பில் 1898 பிப்ரவரியில் வார இதழ் தொடங்கிய ஃபொரெனும் கரான் தாஷும் தேர்ந்த கலைஞர்கள், ஆயினும் அவர்கள் கோடு நின்றது அதே வெறுப்பின் பக்கம்தான். அவர்களுக்கு எதிராக அதே மாதம் ஓவியர் இபெல்ஸ் வேறோர் இதழில் படம் போட்டே பதில் சொன்னார் என்பதையும் உங்கள் வட்டத்தில் அவசியம் கூறுங்கள்.

மறுமொழி 3:
படத்தை மறைக்க வேண்டாம் ஐயா. கடிதத்துக்காக ஓராண்டுச் சிறையும் 3000 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டு, 1898 ஜூலையில் ஸோலா லண்டனுக்குப் போக நேர்ந்தது. அவர் எத்தகைய பகையை எதிர்த்து எழுதினார் என்பது அந்த வாளியைப் பார்த்தால்தான் உறைக்கும். முதலில் கடிதத்தின் சில பத்திகளை வாசித்துவிட்டு, அதன் பிறகு காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தோமியேயின் 1870ஆம் ஆண்டுப் படத்தை முதலில் வைத்து, அடுத்துக் கடிதத்தை வாசித்து, கடைசியாகச் சுவரொட்டியைக் காட்டுகிறேன்.