அப்பாவின் மருத்துவக் காகிதங்களை எப்படி அடுக்குவது?

கேள்வி:
அப்பாவுக்கு 79 வயது, பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருக்கிறது. போன வாரம் ராத்திரி மூச்சுத் திணறி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். "ரத்தம் உறையாமலிருக்க என்ன மாத்திரை? கடைசியாக எப்போது சாப்பிட்டார்? பழைய இசிஜி இருக்கா?" என்றார் டாக்டர். மூன்று பை நிறையக் காகிதம் இருந்தும் ஒன்றும் கைக்கு வரவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று நான் லேமினேட் செய்த இசிஜி முழுக்கக் கறுத்துக் கிடந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். தேதிவாரியாக அடுக்க உட்கார்ந்து பாதியிலேயே திணறுகிறேன்.

பதில் 1:
தேதிவாரியா அடுக்குறத நிறுத்துங்க. முதல்ல ஒரே ஒரு தாள். நோய்கள், ஆபரேஷன் நடந்த வருஷம், ஒத்துக்காத மருந்து, இப்போ சாப்பிடுற மாத்திரை, அளவு, நேரம். மாத்திரையோட கம்பெனிப் பேர் மட்டும் போதாது, மூலப்பொருள் பேரும் எழுதுங்க. எங்கம்மா ஒரே பிரஷர் மருந்தை ரெண்டு பேர்ல சாப்பிட்டுத் தலைசுத்தி விழுந்தாங்க. அட்டையத் திருப்பிப் படிச்சப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது. தாளோட தலையில எழுதின தேதியப் போடுங்க.

பதில் 2:
இசிஜி பெரும்பாலும் வெப்பத்தாளில்தான் வரும். அதில் மை கிடையாது; சூடு பட்ட இடம் கறுப்பதுதான் கோடு. லேமினேஷன் சூட்டில் மொத்தமும் கறுத்துவிட்டது, அதை மீட்க முடியாது. எடுத்த மருத்துவமனையில் நகல் கேட்டுப் பாருங்கள். பழைய இசிஜி இருந்தால்தான் மாற்றம் புதிதா என்று டாக்டர் ஒப்பிட முடியும். மற்றவற்றை இன்றே படம் பிடித்து, சாதாரணத் தாளிலும் நகல் எடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் வெப்பத்தாளில் உள்ளது மங்கும். பேஸ்மேக்கர் அட்டையையும் தேடுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்குமுன் கருவியின் மாடல் எண்ணைக் கேட்பார்கள்.

பதில் 3:
வங்கி, சொத்துக் காகிதங்களைத் தனியாக வையுங்கள். அப்பா சார்பில் வேறொருவர் செயல்பட அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் அப்பா தெளிவாக இருக்கும்போதே வக்கீலைப் பாருங்கள். கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் திறனை இழந்தால் சாதாரணப் பத்திரம் பல நாடுகளில் செல்லாது.

கேட்டவர்:
நேற்று அப்பாவையே பக்கத்தில் உட்கார வைத்து அந்தத் தாளை எழுதினேன். பேஸ்மேக்கர் அட்டை அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது! மருந்துச் சீட்டில் உள்ள ஒரு மாத்திரையை டாக்டர் போன மாதமே நிறுத்தச் சொன்னதாக அப்பா சொல்கிறார். நாங்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தாளோடு நாளைக் காலை டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.