ஆர்சி (ரிமோட்) கார்: நட்டை முறுக்கினால் சக்கரம் நிற்கிறது, உங்களுக்கும் நடந்ததா?

பாளை பக்கி

பொங்கல் லீவில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. 1/10 பக்கி (அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்), வலது முன் சக்கரம். கையால் சுண்டிவிட்டால் அரைச் சுற்றில் நின்றுவிடும். மற்ற மூன்றும் பம்பரம். பேரிங் போச்சு என்று நானே தீர்ப்பெழுதி, 5x11x4 மி.மீ. அளவில் ஒரு செட் வரவழைத்து மாற்றினேன். அப்படியேதான் இருந்தது. சரக்கு சரியில்லை என்று இன்னொரு செட். அதுவும் அப்படியே. நட்டைக் கால் சுற்று தளர்த்தினால் ஓடுகிறது, முறுக்கினால் பிடிக்கிறது. சரி, தளர்த்தியே ஓட்டுவோம் என்று வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கொண்டுபோனேன். சக்கரம் கழன்று காருக்கு முன்னால் ஓடியது. வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர்தான் காலால் தடுத்து எடுத்துக் கொடுத்தார்.

கடைசியில் தெருமுனை சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் நீட்டினேன். இந்த மாதிரி காரை அவர் அதுவரை தொட்டதே இல்லை. "பேரிங்க ஏம்டே கொற சொல்லுத?" என்றபடி ஹெக்ஸை (சக்கரம் வந்து மாட்டும் அறுகோணத் துண்டு) உருவினார். அச்சுக்குக் குறுக்கே போகிற பின் (சின்னக் கம்பி) வந்து உட்காரும் பள்ளம் இருக்கிறதே, அதில் கட்டைவிரல் நகத்தை விட்டார். இடது பக்க ஹெக்ஸிலும் விட்டார். இடதில் பாதி நகம்தான் இறங்கியது. வலதில் முழு நகமும் புதைந்தது. ஹெக்ஸின் பிளாஸ்டிக்கை அந்தக் கம்பி தின்றிருக்கிறது. அதனால் நட்டை முறுக்க முறுக்க ஹெக்ஸ் உள்ளே நகர்ந்து பேரிங்கை நெரித்திருக்கிறது. நான் இரண்டு செட் பேரிங் வாங்கிக் கண்டுபிடிக்காததை அவர் நகம் கண்டுபிடித்தது. காசும் வாங்கவில்லை.

பத்தமடைக்காரன்

எனக்கு ஹெக்ஸ் இல்லை, நூல். எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய்க்குப் பாவு போட்ட மிச்ச நூல் எப்போதும் கிடக்கும். தங்கச்சி மகன் அதன் மேலேயே காரை விட்டிருக்கிறான். பின் சக்கரம் திணறியது, மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு. கழற்றினால் ஹெக்ஸுக்கும் பேரிங்குக்கும் நடுவே மோதிரம் மாதிரி இறுகிக் கிடந்தது. பிளேடால் கீறி இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது, ஒரு முழம் இருக்கும். "மாமா, இதுலயே ஒரு பாய் நெய்யலாம்" என்றான் அந்தப் பயல்.

திசையன்விளை

பாளைக்காரர் பேரிங்கைச் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? நான் தேரியில், செம்மணல் மேட்டில், ஓட்டுகிறவன். எங்களுக்கு முதல் குற்றவாளி பேரிங்தான். ஒரே ஓட்டத்தில் நறநற என்கும். சைக்கிள் கடை நகமெல்லாம் டவுன்காரர்களுக்குச் சரிப்படும்.

போன வருஷம் ஓட்டி முடித்துக் குழாயடியில் நன்றாகக் கழுவி, காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். இரண்டு நாள் கழித்து எடுத்தால் நாலு சக்கரமும் கல். பேரிங்கைத் தட்டி எடுத்தபோது உள்ளங்கையில் சிவப்பாகக் கொட்டியது. எது தேரி மண், எது துரு என்று பிரிக்க முடியவில்லை.

அம்பை

என் கதை ஒரு வரி: ரிம்மின் உள்பக்கம் நக்கிளில் (சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) உரசியது. ஆனால் மேலே எழுதிய ஒருவரும் வரிசையாகப் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். முதலில் சக்கரத்தை மட்டும் கழற்றி ஹெக்ஸைக் கையால் சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் பேரிங்கை விடுங்கள், ரிம் உரசல் அல்லது நட்டின் இறுக்கம். அப்போதும் பிடித்தால், மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்டை விடுவித்துவிட்டுச் சுற்றுங்கள். லேசானால் தடை ஷாஃப்ட் பக்கம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் பிடிக்கிறதா? ஷாஃப்ட் நீளம் கூடுதலாக இருக்கும், அல்லது வளைந்திருக்கும். அச்சை உள்ளும் வெளியும் ஆட்டிப் பார்த்தால் மயிரிழை அசைவு இருக்க வேண்டும். அந்த ஆட்டம் பிடிக்காமல் 0.2 மி.மீ. ஷிம்மை (மெல்லிய வாஷர்) ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிப்பவர்கள் உண்டு, அவர்களேதான் அப்புறம் சக்கரம் சுற்றவில்லை என்று புலம்புவார்கள். திசையன்விளை தம்பி, கழுவினால் அன்றைக்கே கழற்றித் துடைத்து, ஊசியால் பேரிங்கின் சீல் மூடியைத் தூக்கி மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடணும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். நைலான் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்தது) விரலாலேயே முழுக்க இறங்கினால் தூக்கிப் போடுங்கள், அதன் பிடி போய்விட்டது. பாளைக்காரர் சக்கரம் ஓடியதில் அந்த நட்டுக்கும் பங்கு இருக்கும்.

திசையன்விளை

அண்ணாச்சி, இங்கே கேட்டது அனுபவம். நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள்.

பத்தமடைக்காரன்

அந்த வரிசையில் நூலையே காணோமே!

பாளை பக்கி

நட்டைப் பார்த்தேன். விரலாலேயே இறங்குகிறது. அம்பை அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அலுமினிய ஹெக்ஸ் நாலு சேர்த்துத்தான் பாக்கெட்டில் வந்தது. கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்தேன். நேற்றிலிருந்து இடது முன் சக்கரம் பிடிக்கிறது. நகத்தை விட்டுப் பார்த்தேன். புதைகிறது.