எலிசாவில் பாசிட்டிவ் வந்த மாடுகளை என்ன செய்வது?

வணக்கம். பண்ணையில் உள்ள 14 கறவைகளுக்கு எலிசா, அதாவது நோய்க்கான எதிர்ப்புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்து பார்த்ததில் ஐந்துக்கு பி.எல்.வி., அதாவது மாட்டு லுக்கேமியா வைரஸ், பாசிட்டிவ். ஐந்தும் நன்றாகத் தின்கின்றன, பாலும் குறையவில்லை. ஒன்றுக்கு மட்டும் தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது. தடவினால் கையில் உருள்கிறது.

மருந்து கிடையாது, தொற்றிய மாடுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகத்தான் புற்றுக்கட்டி வரும் என்றார் மருத்துவர். ஆனால் ரத்தம் வழியாக மற்றவற்றுக்குப் பரவுமாம். யோசித்துப் பார்த்தால் தப்பு என்மேல்தான். ஒரே ஊசியை வரிசையாகப் போட்டிருக்கிறேன், சினை பார்க்கும் கையுறையையும் மாற்றச் சொன்னதில்லை. இப்போது மாட்டுக்கு ஓர் ஊசி, ஒரு கையுறை.

ஐந்தையும் ஒரேயடியாகக் கழிக்க எனக்கு வசதியில்லை. தனிக் கொட்டகையில் கட்டியவர்கள் கடி ஈயை எப்படிச் சமாளித்தீர்கள்? ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை கூடியதை மட்டும் முதலில் கழித்தால் பரவல் குறைந்ததா? சீம்பால் வழியாகக் கன்றுக்கு வைரஸ் போகாமலிருக்க, அதை உறைய வைத்து, அப்புறம் இளக்கிக் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? மூன்று மாதக் கன்று ஒன்று இருக்கிறது. சீம்பாலில் வந்த எதிர்ப்புரதமே பாசிட்டிவ் காட்டிவிடும் என்பதால், ஆறு மாதம் தாண்டட்டும் என்று அதற்குச் சோதனை செய்யவில்லை. சரிதானே?