நவூருவின் ‘உச்ச நீதிமன்றம்’: இறுதி மன்றமா, அறுதி மன்றமா?

> சுப்ரீம் கோர்ட் என்றால் உச்ச நீதிமன்றம், ஹைகோர்ட் என்றால் உயர் நீதிமன்றம். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறவேண்டும்?

ஐயா, அது சென்னைக்கு முடிந்த விஷயம். நவூருவுக்கு இல்லை.

பசிபிக் பெருங்கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு நாடு. 1968இல் விடுதலை பெற்றது. அதன் அரசமைப்பின் 48ஆம் பிரிவு சுப்ரீம் கோர்ட்டை நிறுவுகிறது. 57ஆம் பிரிவோ, அதன் தீர்ப்பை எதிர்த்து வேறொரு நாட்டின் நீதிமன்றத்துக்குப் போகவும் வழிவிட்டது. 1976 ஒப்பந்தப்படி அந்த வேறு மன்றம் ஆஸ்திரேலியாவின் ஹைகோர்ட்டாக இருந்தது. அரசமைப்பைப் பொருள்கொள்ளும் வழக்குகள் போன்ற சில மட்டும் விலக்கு. இதை நம் வழக்கப்படி எழுதினால், ‘உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு’ என்று வரும். படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

‘மேல்முறையீடு’கூட உறுதியான சொல் இல்லை. 2005இல் ருஹானி வழக்கில் ஆஸ்திரேலிய மன்றம், நவூரு இதை எப்பெயரிட்டு அழைத்தாலும் எங்கள் சட்டப்படி இது முதனிலை அதிகார வரம்பே, அதாவது வழக்கை முதன்முதலாக விசாரிக்கும் அதிகாரமே, என்றது. வழக்கறிஞர்கள் ரசிப்பார்கள்; கலைச்சொல் தொகுப்பவர் தலையில் கைவைப்பார்.

ஆகவே பெயர் வேறு, பணி வேறு என்று பிரிப்போம். பெயரை அந்தந்த நாட்டு வழக்கப்படி ஒலிபெயர்த்துவிடலாம். பணிக்குத்தான் சொல் வேண்டும். ‘கடைமன்றம்’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார்; பலசரக்கு வாங்கப் போவதுபோல் இருக்கிறது. ‘இறுதி மன்றம்’ தேறலாம். ஆனால் இறுதித் தீர்ப்பை முன்சீப் நீதிமன்றமும்தான் வழங்குகிறது. என் பரிந்துரை ‘அறுதி மன்றம்’: அதற்குமேல் போக இடமில்லை.

---

தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். இங்கே சுப்ரீம் கோர்ட்டே ‘உயர் நீதிமன்றம்’. ஹைகோர்ட் ‘மேல் நீதிமன்றம்’. நீங்கள் அச்சுப்பிழை என்ற வாக்கியத்தின் பின்பாதி எங்களுக்கு இயல்பாகவே படும்! குழப்பம் பின்னால் வருகிறது. 2017 அக்டோபரில், நவூரு நாடாளுமன்றத்தின் முன் 2015இல் நடந்த போராட்ட வழக்கில் மூவருக்குக் கூட்டிய தண்டனையை ஆஸ்திரேலிய மன்றம் ஏற்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நவூரு அரசு ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்வதாக ஆஸ்திரேலியாவுக்கு அறிவித்தது. 2018 மார்ச்சில் அது முடிந்தது. தீவில் வழக்காடியவர்களுக்கு உடனே மேலே போக வழியே இல்லை. பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கு மேலே சொந்த மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைத்தார்கள். எங்கள் நாட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உயர் நீதிமன்றத்துக்குக் கீழே. பெயரை மட்டும் பார்த்து மாணவர் ஏணியைத் தலைகீழாக வரைவார்கள்.

‘அறுதி’ எனக்குப் பிடித்திருக்கிறது. காணியை அறுதியாக விற்றாயிற்று என்றால், மீட்கக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

---

நன்றி அக்கா. கலைச்சொல் பதிவு இப்படி இருக்கட்டும்:

அறுதி மன்றம்: ஒரு வழக்கில் மேற்கொண்டு முறையீடு இல்லாத நீதிமன்றம், அது வேறு நாட்டினதாகவும் இருக்கலாம். எ.கா.: 2018 மார்ச் வரை நவூருவின் பெரும்பாலான வழக்குகளுக்கு அறுதி மன்றம் கான்பராவில் இருந்தது.

‘பெரும்பாலான’ என்பதை வெட்டவேண்டாம். அரசமைப்பு வழக்குகளுக்கு அறுதி மன்றம் அப்போதும் தீவிலேயேதான் இருந்தது.